பார்க்கிங்கில் மூன்று தட்டு

வெண்மேகம் அடுக்ககத்தில் பேய் இருக்கிறது என்று முதலில் சொன்னவன் முதல் மாடிச் சிறுவன் சிவமுருகன். யாரும் நம்பவில்லை. அதற்கு முந்தின வாரம்தான் அவன் குளியலறையில் முதலை இருக்கிறது என்று சொல்லியிருந்தான்.

இரண்டாவதாகச் சொன்னவர் திருமலைச்சாமி. அவர் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். பழனி அடிவாரத்தில் பல வருடம் பூஜைச் சாமான் கடை வைத்திருந்தவர். மீசையை முறுக்கிவிட்டு அவர் ஒன்றைச் சொன்னால் பதினாறு வீடும் கேட்கும். இதையும் கேட்டது. அன்றிலிருந்து சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் யாரும் பார்க்கிங் பக்கம் போவதில்லை.

அந்தப் பார்க்கிங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

கொடைக்கானலில் மலைச்சரிவில் கட்டிய கட்டடங்கள் பலவும் தலைகீழானவை. வெண்மேகமும் அப்படித்தான். சாலை மேலே இருக்கிறது. வாசலில் நுழைந்தால் நீங்கள் நிற்பது நான்காவது மாடி. அங்கிருந்து படி இறங்க இறங்க மூன்று, இரண்டு, ஒன்று என்று வரும். எல்லாவற்றுக்கும் அடியில் பார்க்கிங். கட்டடத்தின் பின்பக்கம் வளைந்து இறங்கும் சிமெண்ட் பாதை வழியாக வண்டிகள் அங்கே வந்து சேரும்.

பார்க்கிங்குக்கு மூன்று பக்கம் சுவர். நான்காவது பக்கம் திறந்தே கிடக்கும். அங்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டைச்சுவர் மட்டும்தான். அதற்கு அப்பால் புதர். புதருக்கு அப்பால் பள்ளம். மூடுபனி அந்தப் பள்ளத்திலிருந்துதான் ஏறி வரும். முதலில் கட்டைச்சுவரைத் தாண்டும். அப்புறம் கார்களின் சக்கரங்களை மறைக்கும். அப்புறம் தூண்களை ஒவ்வொன்றாக விழுங்கும். அதன் பிறகு, நீட்டிய கையைக் கூடப் பார்க்க முடியாது.

கட்டைச்சுவருக்குப் பக்கத்திலிருந்த கடைசித் தூணில்தான் அந்த சார்ஜிங் பாயிண்ட் இருந்தது.

அது சத்யாவின் அம்மாவுக்காக வந்தது. சத்யாவின் முழுப்பெயர் சத்தியபிரியா, வயது பதினொன்று. அம்மா மேனகா ஒரு நர்ஸ். படுக்கையை விட்டு எழ முடியாதவர்களை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்த்து, புண்ணுக்குக் கட்டு மாற்றி, மாத்திரை கொடுத்துவிட்டு வருவார். பேத்துப்பாறையில் ஐந்து பேர். போகிற வழியில் ஏழு பேர். அவர் வேலை பார்க்கும் அறக்கட்டளை அதற்காக ஒரு மின்சார ஸ்கூட்டர் கொடுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனைதான். குடியிருக்கும் இடத்தில் சார்ஜ் போட வசதி இருக்க வேண்டும்.

முதல் மாதம் அம்மா இரண்டாவது மாடி ஜன்னலிலிருந்து ஒரு நீள ஒயரைத் தொங்கவிட்டார். முதல் மாடிக்காரர்கள் அதில் துண்டு காயப்போட்டார்கள். பிறகு மூன்று கூட்டம் நடந்தது. கடைசியில் சங்கம் மனமிறங்கி அந்தத் தூணில் ஒரு பிளக் பாயிண்ட் வைத்துக் கொடுத்தது. மத்தியானம் மூன்றிலிருந்து ஆறு வரை மட்டும் கரண்ட். ஆறு மணிக்கு வாட்ச்மேன் அருள்தாஸ் மேலேயிருந்து மெயினை அணைத்துவிடுவார்.

அம்மா மூன்று மணிக்கு வந்து பிளக்கைச் செருகுவார். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரியும். பிறகு நடந்தே அலுவலகத்துக்குப் போய் நோயாளிகளின் விவரங்களை எழுதிவிட்டு ஏழு மணிக்குத் திரும்புவார். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது, பேய் வரும் வரை.

முதல் நாள் பிளக் வெளியே கிடந்தது. செருக மறந்துவிட்டோம் என்று அம்மா தன்னையே திட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் பிளக் வெளியே கிடந்தது மட்டும் இல்லை. அதன் மூன்று பித்தளைக் கால்களையும் யாரோ ஒரு பழந்துணியால் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். ஒயரை அழகாகச் சுருட்டி ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்திருந்தார்கள்.

"நீங்களா சுத்துனீங்க?" என்று அம்மா பதினாறு வீட்டிலும் கேட்டார். எல்லோரும் இல்லை என்றார்கள்.

மூன்றாம் நாள் ஈரமான காலடித் தடங்கள் தெரிந்தன. செருப்பு இல்லாத வெறும் கால்கள். அவை எங்கிருந்து தொடங்கின என்று பார்த்த முதல் மாடிக்காரருக்கு வியர்த்துவிட்டது. தடங்கள் கட்டைச்சுவரிலிருந்து தொடங்கின. அந்தப் பக்கம் பள்ளம்தானே இருக்கிறது?

அப்புறம் ஒரு வாடை. எதுவும் எரியாமலே ஏதோ கருகுகிற வாடை. மூடுபனியோடு சேர்ந்து அது படி வழியாக மேலே வந்தது. அதோடு ஒரு சத்தம். டொக், டொக், டொக். மூன்றே தட்டு. அதன் பிறகு எதுவும் கேட்காது.

"நான் அதை நேர்லயே பார்த்தேன்" என்றார் திருமலைச்சாமி. வாசலில் எல்லோரும் கூடி நின்றிருந்தார்கள். "கார்ல குடையை வச்சிட்டு வந்துட்டேன்னு கீழ போனேன். மிஸ்ட்டுக்குள்ள நின்னுச்சு. ஆறடி உசரம். தலை இந்தா, அண்டா மாதிரி இருக்கு. தலை பூரா முடி சிலுப்பிக்கிட்டு நிக்குது. முகமே இல்லை. கையில அருவா. என்னையப் பார்த்து 'ஐயா'ன்னு கூப்பிட்டுச்சு."

"நீங்க என்ன செஞ்சீங்க அங்கிள்?" என்று கேட்டான் சிவமுருகன்.

"எனக்கு மேல அவசரமா ஒரு சோலி இருந்துச்சு. வந்துட்டேன்" என்றார் அவர்.

அடுத்த நாள் சார்ஜிங் பாயிண்டுக்கு மேலே ஓர் எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் தொங்கின. பேய் அவற்றைத் தொடவே இல்லை. பிளக்கை மட்டும் வழக்கம்போல் பிடுங்கிச் சுற்றி வைத்துவிட்டுப் போயிருந்தது.

புதன்கிழமை அம்மாவின் ஸ்கூட்டர் பேத்துப்பாறைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் நின்றுவிட்டது. சார்ஜ் இல்லை. அங்கே குருநாதன் என்ற பெரியவர் காலில் ஆறாத புண்ணோடு காத்துக்கொண்டிருந்தார். அம்மா மருந்துப் பையைத் தூக்கிக்கொண்டு எட்டு கிலோமீட்டர் நடந்தே போனார். மத்தியானம் ஒரு ஜீப்பில் ஏற்றித்தான் ஸ்கூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்று மாலை திருமலைச்சாமி ஒரு தாளை நோட்டீஸ் பலகையில் குத்தினார். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்குக் கூட்டம். முதல் முடிவு, சார்ஜிங் பாயிண்டை எடுத்துவிடுவது. இரண்டாவது முடிவு, கட்டைச்சுவர் முழுக்கக் கம்பி வலை அடிப்பது.

"பாயிண்ட் போச்சுன்னா ஸ்கூட்டரும் போயிரும் சத்யா" என்றார் அம்மா. பாதத்தில் வந்திருந்த கொப்புளத்துக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். "ஸ்கூட்டர் இல்லாம இந்தப் பன்னெண்டு பேரையும் பார்க்க முடியாது. திண்டுக்கல்ல ஆஸ்பத்திரி டியூட்டி இருக்குன்னு சொல்றாங்க. வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்."

சத்யா ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள். பள்ளிக்கூடம், ஜன்னலில் தெரியும் மலை, குளியலறை முதலைக் கதை சொல்லும் சிவமுருகன், எல்லாம் போய்விடும். அதைவிட, அம்மா இல்லாவிட்டால் குருநாதன் ஐயாவுக்கு யார் கட்டு மாற்றுவார்கள்?

அவளுக்குப் பேய் என்றால் பயம்தான். அதை மறைப்பானேன். ஆனால் வியாழக்கிழமை காலை வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது தைரியமாகக் கீழே இறங்கினாள். தரையைக் குனிந்து பார்த்தாள். தூணுக்குப் பக்கத்தில் நான்கைந்து பச்சைப் புல் கிடந்தது. நுனி வெட்டுப்பட்ட, புதுப் புல்.

சீட்டின் மேலிருந்த துணியையும் கையில் எடுத்தாள். கிழிந்த சேலைத் துண்டு. ஓரத்தில் பச்சைக் கரை. அழுக்காக இருந்தது. ஆனால் முடிச்சு மெதுவாக, பிளக்குக்கு வலிக்கக் கூடாது என்பதுபோல் போடப்பட்டிருந்தது.

'கெட்ட பேய் இவ்வளவு பதவிசாகக் கட்டுமா?' என்று சத்யா யோசித்தாள்.

அவள் அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோய் சோப்புப் போட்டுத் துவைத்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் காய வைத்தாள். பள்ளிக்குக் கிளம்பும்போது நான்காக மடித்து ஸ்கூட்டர் நிற்கும் இடத்தில் தூணடியில் வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அன்று மாலையும் பிளக் பிடுங்கப்பட்டிருந்தது. துவைத்த துணி அதைச் சுற்றியிருந்தது. சீட்டின் மேல், இதுவரை இல்லாத ஒன்று இருந்தது. ஒரு பேரிக்காய்.

சிவமுருகன் அதை எட்ட நின்றே பார்த்தான். "சாப்பிடாத. சாப்பிட்டா நீயும் பேயாயிருவ."

சத்யா அதைக் கழுவிச் சாப்பிட்டாள். இனிப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் அவள் நேராகப் பார்க்கிங்குக்குப் போனாள். ஸ்கூட்டரில் தொங்கிய அம்மாவின் பெரிய மழைக்கோட்டை மாட்டிக்கொண்டாள். அது அவளுக்குப் பாதம் வரை வந்தது. தொப்பி மூக்கு வரை இறங்கியது. கடைசித் தூணுக்குப் பக்கத்திலேயே ஒரு காருக்கும் சுவருக்கும் நடுவே ஒண்டி உட்கார்ந்தாள்.

மூடுபனி கட்டைச்சுவரைத் தாண்டியது. சக்கரங்கள் மறைந்தன. முதல் தூண் போயிற்று. இரண்டாவது போயிற்று. கடைசியில் எங்கும் வெள்ளை. அதன் நடுவே சார்ஜரின் சிவப்பு விளக்கு மட்டும் ஒரு கண்போல் எரிந்தது. சார்ஜர் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டே இருந்தது. எங்கோ தண்ணீர் சொட்டியது. மெல்ல மெல்ல அந்தக் கருகல் வாடை வந்தது.

சத்யாவின் பற்கள் தாமாகவே அடித்துக்கொண்டன. எழுந்து ஓடிவிடலாம் என்று நினைத்தாள். படி எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

கட்டைச்சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பள்ளத்திலிருந்து, மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

முதலில் தலை வந்தது. அண்டாவை விடப் பெரிய தலை. அதிலிருந்து முடி நான்கு பக்கமும் சிலிர்த்து நின்றது. பிறகு உடம்பு. அது கட்டைச்சுவரைத் தாண்டிக் கால் வைத்தது. சப், சப் என்று ஈரக் கால்கள் நடந்து வந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு மட்டுமே இருந்தது. இடுப்பிலிருந்து ஏதோ ஒன்றை உருவியது. வளைந்த இரும்பு ஒரு கணம் மின்னியது.

டொக். டொக். டொக்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

"போதும் சாமி. அடங்கு" என்று அது முணுமுணுத்தது. பெண் குரல். களைத்துப்போன குரல். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கி, தூணடியிலிருந்த துணியை எடுத்துச் சுற்றத் தொடங்கியது.

பனி கொஞ்சம் விலகியது. சத்யா இப்போது அந்தக் கைகளைப் பார்த்தாள். விரல்களெல்லாம் புல் கிழித்த கீறல்கள். ஒரு விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிளாஸ்திரி ஒட்டிய பேயைப் பற்றி அவள் கேள்விப்பட்டதே இல்லை.

எழுந்து நின்றாள். "அக்கா" என்றாள்.

அந்த உருவம் திரும்பியது. மூடுபனிக்குள் பாதம் வரை கறுப்பாக, முகமே இல்லாமல் நின்ற மழைக்கோட்டைப் பார்த்தது. "அய்யோ முருகா, பேய்!" என்று அலறியது. அதன் தலை தொப்பென்று கீழே விழுந்தது.

விழுந்தது தலை அல்ல, ஒரு பெரிய புல்லுக்கட்டு.

சத்யா அவசரமாகத் தொப்பியைப் பின்னால் தள்ளினாள். "நான் பேய் இல்லக்கா. ரெண்டாவது மாடி. இது எங்கம்மா வண்டி."

அந்தப் பெண் நெஞ்சில் கை வைத்து மூச்சு வாங்கினார். சத்யாவின் அம்மாவை விடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். மழைக்கும் பனிக்கும் தோட்டத்து ஆட்கள் போட்டுக்கொள்ளும் சாக்குக் கொங்காணியைத் தலையிலிருந்து இடுப்பு வரை போட்டிருந்தார். சாக்கின் ஒரு மூலையை உள்ளே மடக்கினால் அது முக்காடு ஆகிவிடும். அதற்குள்தான் முகம் ஒளிந்திருந்தது.

"துணியத் துவைச்சு மடிச்சு வச்ச புள்ள நீதானா?" என்று கேட்டார்.

"ஆமா. பேரிக்காய் நல்லா இருந்துச்சு" என்றாள் சத்யா. பிறகு மனசிலிருந்ததைக் கேட்டுவிட்டாள். "ஏங்க்கா தினமும் பிளக்கைப் பிடுங்குறீங்க? உங்களாலதான் எங்கம்மா எட்டு கிலோமீட்டர் நடந்தாங்க."

அவர் முகம் வாடிப்போனது. "நடந்தாங்களா? எனக்குத் தெரியாதே பாப்பா." அருவாளைத் தரையில் வைத்துவிட்டு சத்யாவின் கையைப் பிடித்தார். "இங்க வா. அந்தத் தூணுக்கிட்ட கையக் கொண்டு போ. தொடாத. கிட்டக்க மட்டும்."

சத்யா புறங்கையைத் தூணுக்கு அருகே கொண்டுபோனாள். இட்லிக் கொப்பரைக்குப் பக்கத்தில் கை வைத்த மாதிரி சுட்டது. கருகல் வாடை அங்கிருந்துதான் வந்தது.

"தினம் இந்த நேரத்துக்கு இப்படித்தான் காயுது. நான் அணைச்சிட்டுப் போவேன். ஆறிப்போயிரும். உங்க ஆளுக வந்து பார்க்கிறப்ப சில்லுன்னு கெடக்கும்."

சத்யாவுக்கு உடம்பு குளிர்ந்தது. இது பேய்ப் பயத்தால் வந்த குளிர் அல்ல. மேலே பதினாறு வீடுகள். ஒன்றாவது மாடியில் சிவமுருகனின் தம்பி தொட்டிலில் தூங்குவான்.

அவர் பெயர் சின்னத்தாயி. அவருடைய அப்பா அம்மா சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். இங்கே ஒரு எஸ்டேட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் அவர் வளர்ந்தார்.

"லயத்துல பத்து வீட்டுக்கு ஒரே ஒயரு. எனக்கு உன் வயசு இருக்கும். ஒரு வீட்டுல சொருகி வச்சது இப்படித்தான் காஞ்சுச்சு. யாரும் கவனிக்கல. பத்து வீடும் போச்சு. ஆளுக தப்பிச்சிட்டோம். என் புஸ்தகப் பை எரிஞ்சு போச்சு. அதோட பள்ளிக்கூடமும் நின்னுச்சு. அதுக்கப்புறம் லயத்துல யாரு பார்த்தாலும், யாரு வீடா இருந்தாலும், காயுறத அணைச்சிட்டுத்தான் நகரணும். ஈரக் கையால தொடக்கூடாது. காஞ்ச கட்டையால தட்டணும்." அருவாளின் மரப்பிடியைக் காட்டினார். "இந்த சுவிட்சு இறுக்கம். மூணு தட்டு தட்டுனாத்தான் எறங்கும்."

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா?"

"சொன்னேனே. மீசை வச்ச ஐயா ஒருத்தர் நின்னாரு. 'ஐயா, ஒயரு காயுது'ன்னு வாயத் தொறந்தேன். ஓடிட்டாரு."

சத்யா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். சின்னத்தாயி சிரிக்கவில்லை. கட்டைச்சுவரைப் பார்த்தார்.

"மேல வந்து கதவத் தட்ட பயமா இருந்துச்சு. இந்தக் கட்டடம் வர்றதுக்கு முன்னால இது எங்க வழி. கீழ தோட்டத்துல வேலை முடிஞ்சு மாட்டுக்குப் புல்லறுத்துக்கிட்டு இப்படி ஏறுனா பத்து நிமிசத்துல ரோடு. கட்டுறப்பவே வழிய அடைக்கப் போறோம்னாங்க. அப்புறம் மறந்துட்டாங்க. நான் வர்றது தெரிஞ்சா அடைச்சிருவாங்க. இந்தக் கட்டத் தூக்கிக்கிட்டு ரோட்டச் சுத்துனா முக்கால் மணி நேரம்."

சத்யா கட்டைச்சுவர் அருகே போய் எட்டிப் பார்த்தாள். புதருக்குள் மண்ணில் வெட்டிய படிகள் கீழே இறங்கிப்போயின. எல்லோரும் எப்போதும் மேலிருந்தே வந்ததால், கீழேயிருந்து ஒரு வழி இருப்பதை யாரும் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்பதைச் சத்யா சொன்னாள். கம்பி வலையைப் பற்றியும் சொன்னாள். மறைக்கத் தோன்றவில்லை.

"நான் உண்மையைச் சொன்னாத்தான் இதைச் சரி பண்ணுவாங்க. ஆனா உங்க வழி தெரிஞ்சு போயிரும். உங்களைக் கேட்காம சொல்ல மாட்டேன்."

சின்னத்தாயி புல்லுக்கட்டின் கயிற்றை இறுக்கினார். 

"சொல்லு பாப்பா" என்றார் கடைசியில். "வழி போனா சுத்திப் போய்க்கலாம். வீடு போனா என்ன செய்யிறது? கொஞ்சம் தூக்கி விடு."

சத்யா இரண்டு கையாலும் கட்டைத் தூக்கிவிட்டாள். அவ்வளவு கனம். சின்னத்தாயி சிமெண்ட் பாதையில் ஏறி, மூடுபனிக்குள் கரைந்து போனார்.

அன்று இரவே அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அவளைக் கட்டிக்கொண்டார். சனிக்கிழமை வண்டிக்கு சார்ஜ் போடவில்லை.

ஞாயிறு காலை சத்யா திருமலைச்சாமியின் வீட்டுக்குப் போனாள். "அங்கிள், இன்னைக்குக் கூட்டத்தைப் பார்க்கிங்லயே வச்சுக்கலாமா?"

"அங்கயா? அது வந்து, குளிரா இருக்குமே."

"அங்கிளுக்குப் பயம்" என்றான் கூட வந்திருந்த சிவமுருகன்.

"எனக்கா?" மீசை மேலே ஏறியது. "கீழதான் கூட்டம்."

நான்கு மணிக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எலக்ட்ரீஷியன் பழனிமுத்துவையும் அம்மா வரச் சொல்லியிருந்தார். மூன்று மணிக்கே செருகிய பிளக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா தூணை விட்டு நகரவே இல்லை.

மூடுபனி ஏறியது. திருமலைச்சாமி நோட்டீஸ் தாளை வேகமாக வாசித்தார். மூன்றாவது வரியிலேயே தூண்கள் மறைந்துவிட்டன. நான்காவது வரியில் வாடை வந்தது.

"வந்துருச்சு" என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

"யாரும் போகாதீங்க. கொஞ்ச நேரம்தான்" என்றாள் சத்யா.

கட்டைச்சுவருக்கு அப்பாலிருந்து மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. அண்டாவை விடப் பெரிய தலை மேலெழும்பியது. சங்கம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது. திருமலைச்சாமி சிவமுருகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவனைக் காப்பாற்றவா, துணைக்கு வைத்துக்கொள்ளவா என்பது இன்று வரை தெரியவில்லை.

சத்யா ஓடிப்போய் அந்த உருவத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்க. இவங்கதான் நம்ம பேய். பேரு சின்னத்தாயி. மாட்டுக்கு ஞாயித்துக்கிழமை லீவு கிடையாது, அதான் வந்திருக்காங்க."

சின்னத்தாயி எல்லோருக்கும் பொதுவாகக் கும்பிட்டார். பிறகு அருவாளின் மரப்பிடியால் சுவிட்சைத் தட்டினார். டொக், டொக், டொக். விளக்கு அணைந்தது.

"இப்ப அந்தத் தூண்கிட்ட கையைக் கொண்டு போங்க அங்கிள்" என்றாள் சத்யா.

திருமலைச்சாமி கையைக் கொண்டுபோனார். சட்டென்று இழுத்துக்கொண்டார். அருள்தாஸ் மேலே மெயினை அணைத்ததும் பழனிமுத்து மூடியைக் கழற்றினார். உள்ளே பிளாஸ்டிக் உருகி, ஒயர் கரியாகக் கறுத்துப்போயிருந்தது.

"இது லைட்டுக்குப் போட்ட மெல்லிசு ஒயருங்க. இதுல போய் வண்டி சார்ஜ் போடலாமா? அதுவும் லூசா வேற மாட்டியிருக்காங்க, நாளாக நாளாகச் சூடு ஏறியிருக்கு" என்றார் பழனிமுத்து. "முழுசா மூணு மணி நேரம் ஓடியிருந்தா என்னைக்கோ தீப்பிடிச்சிருக்கும். தினம் யாரு இதை அணைச்சது?"

எல்லோரும் சின்னத்தாயியைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். சிவமுருகனின் அம்மா தூங்கும் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்.

"அப்ப பாயிண்டே வேண்டாம்" என்றார் ஒருவர்.

"பாயிண்ட் இல்லைன்னா மறுபடியும் ஜன்னல்லேருந்து ஒயர் தொங்கும் சார்" என்றார் சத்யாவின் அம்மா. "அது இதைவிட ஆபத்து. தப்பு வண்டி மேல இல்லை, ஒயர் மேல. கெட்டியான ஒயர் தனியா இழுத்து, சூடானா தானா அணையிற சுவிட்ச் வச்சா போதும்."

"எங்கப்பாவும் கரண்ட் வண்டி புக் பண்ணிருக்காரு" என்றான் சிவமுருகன், இன்னும் திருமலைச்சாமியின் இடுப்பில் இருந்தபடியே. அவனுடைய அப்பா இருமினார்.

திருமலைச்சாமி தாளைப் பார்த்தார். முதல் முடிவை அடித்துவிட்டு வேறொன்று எழுதினார். பேனா இரண்டாவது முடிவுக்கு மேல் நின்றது. "கம்பி வலை..." என்று இழுத்தார். "சட்டப்படி பார்த்தா இது நம்ம இடம்..."

"வலை போட்டா பேய் வராதுதான் அங்கிள்" என்றாள் சத்யா.  "அப்புறம் ஏதாவது காஞ்சா, யாரு வந்து அணைப்பாங்க?"

  திருமலைச்சாமி சிவமுருகனை இறக்கிவிட்டார். சின்னத்தாயிக்கு முன்னால் போய் நின்றார்.

"அன்னைக்கு நீங்க கூப்பிட்டப்ப நான் நின்னு கேட்டிருக்கணும்" என்றார். "மன்னிச்சிருங்கம்மா."

"நீங்க ரொம்ப வெரசா ஓடுறீங்க ஐயா" என்றார் சின்னத்தாயி.

முதலில் சிரித்தவர் திருமலைச்சாமிதான்.

இப்போது கடைசித் தூணில் மூன்று பாயிண்டுகள் இருக்கின்றன. கெட்டியான ஒயர், தனி மீட்டர். எலுமிச்சம்பழத்தை எடுத்தாகிவிட்டது. மிளகாயை யாரோ ரசத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். கட்டைச்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி திறந்து, மண்படியை ஒட்டிப் பிடித்து ஏற ஒரு கம்பியும் நட்டிருக்கிறார்கள். அம்மா ஒரு நாள் கூட வளைவில் நிற்கவில்லை. குருநாதன் ஐயாவின் புண் ஆறிக்கொண்டு வருகிறது.

போன வாரம் மூன்றாவது மாடிக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. அந்த வீட்டுப் பெண் சுபஸ்ரீ, சத்யாவின் வகுப்புதான். சாயங்காலம் இருவரும் சத்யாவின் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறி வந்தது. மரங்கள் மறைந்தன. அடியிலிருந்து, எங்கோ ஆழத்திலிருந்து, சத்தம் வந்தது.

டொக். டொக். டொக்.

சுபஸ்ரீ சத்யாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னது அது?"

சத்யா ஒரு கரண்டியை எடுத்து ஜன்னல் கம்பியில் மூன்று முறை தட்டினாள்.

"எங்க பேய்" என்றாள். "எல்லாம் சரியா இருக்கான்னு பார்த்து, தட்டிச் சொல்லிட்டு வீட்டுக்குப் போகுது."